பாடாமல் விட்ட அடி

பெரிய வெள்ளிக்கிழமை, பின்னேரம் மூன்று மணி தாண்டியிருந்தது. கோயிலின் எல்லாக் கதவுகளையும் திறந்துவிட்டும் உள்ளே காற்று வரவில்லை. மல்லிகைப் பூவும் வியர்வையும் கலந்த ஒரு வெக்கை. வியாகுல மாதா சுரூபத்துக்கு முன்னால் பெண்கள் பாய் விரித்து இருந்தார்கள். தொண்ணூறு பேருக்குக் குறையாது. எல்லாத் தலைகளிலும் வெள்ளை முக்காடு. நான் எழுதிய புலம்பலைப் பாடிக்கொண்டிருந்தார்கள். சிலுவையடியில் நிற்கும் தாய் தன் மகனைப் பார்த்து அழுகிற பாட்டு அது.

முதற் கண்ணி முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. மூன்றாவது கண்ணியைத் தொடங்க வேண்டிய இடத்தில் சத்தம் நின்றது.

ஒருத்தி மறந்து, பக்கத்தில் இருந்தவள் தடுமாறி, அப்படியே தேய்ந்து போகிற மாதிரி நிற்கவில்லை. தொண்ணூறு வாய்களும் ஒரே நேரத்தில் மூடின. நான் பீடத்துக்குப் பக்கத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு அவர்களோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தேன். நிறுத்தத் தெரியாமல் அந்த இரண்டு அடிகளையும் தனியாகவே பாடி முடித்தேன். ஒலிபெருக்கி அதைக் கொண்டுபோய்க் கரை முழுவதும் போட்டது.

என் குரலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். குருமடத்தில் எங்களுக்கு இசை பழக்கிய குருவானவர் என்னை ஒரு முறை பாடவிட்டுக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தம்பி, நீர் எழுதும். பாடுறதுக்கு வேற ஆளைப் பாப்பம்" என்றார். அந்தக் குரல்தான் அன்று கரை முழுவதும் தனியாகக் கேட்டது.

நாலாவது கண்ணியில் பெண்கள் எல்லாரும் ஒன்றும் நடவாதது போலச் சேர்ந்துகொண்டார்கள். ஒருவரும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. முன்வரிசையில் இருந்து பாட்டெடுத்துக் கொடுத்த பிலோமினா கண்களை மூடியிருந்தார்.

வயல்காரன் மகன்

போன கிழமை இந்தப் பத்தியில் என் முதற்பாட்டைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் தொலைபேசி எடுத்தார். "பாதர், இவ்வளவு பாட்டு எழுதியிருக்கிறீங்கள். எந்தப் பாட்டை எழுதாம விட்டிருக்கலாம் எண்டு நினைக்கிறீங்கள்?" என்று கேட்டார். இப்படிக் கேட்கிற வாசகர் எனக்கு வாய்த்தது சந்தோசம்தான். பாட்டு இல்லை, ஒரே ஒரு சொல் என்றேன். அவருக்கு விளங்கவில்லை. இந்தக் கிழமை எழுதுவது அவருக்காக.

நான் முருங்கன் பக்கத்து வயல்காரரின் மகன். எங்களுக்குக் குளம் தெரியும். குளத்தின் துருசை எப்போது திறப்பார்கள், தண்ணீர் எங்கள் வரம்புக்கு வர எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதெல்லாம் தெரியும். கடல் தெரியாது. ஏழோ எட்டோ வயதில் ஐயாவோடு பஸ்ஸில் மன்னார்ப் பாலத்தைக் கடந்தபோது யன்னலால் எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயா, இந்தக் குளத்துக்கு ஆர் கட்டுக் கட்டினது?" என்று கேட்டேனாம். ஐயா அதை ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார். நான் குருப்பட்டம் பெற்ற அன்றும், கைமுத்தி செய்ய வந்தவர்களிடம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பாட்டு எனக்கு விரல் வழியாக வந்தது. குருமடத்தில் தியான நேரத்தில் விரல்மடித்துச் சீர் எண்ணுவேன். பக்கத்தில் இருந்தவர்கள் செபமாலை உருட்டுகிறேன் என்று நினைத்தார்கள். எதுகை சரியாக விழுந்துவிட்டால் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். அதைப் பார்த்த ஆன்ம குரு, எனக்கு விசேட அருள் கிடைப்பதாக மேலிடத்துக்குச் சொல்லியிருக்கிறார். நானும் மறுக்கவில்லை.

இடம்பெயர்ந்து சனத்தோடு சனமாகக் காட்டோரத்தில் இருந்த காலத்தில் எழுதத் தாள் கிடைக்கவில்லை. நிவாரணப் படிவங்களின் பின்பக்கத்தில் எழுதினேன். ஒரு பக்கத்தில் குடும்பத் தலைவரின் பெயர், அங்கத்தவர் தொகை. மறுபக்கத்தில் மாதாவுக்கு ஒரு விருத்தம். அவற்றில் சில இன்னும் என் அலுமாரியில் இருக்கின்றன. இரண்டை மட்டும் பிறகொரு நாள் மன்னார் ரவுணில் ஒரு கழுதை தின்றுவிட்டது. சைக்கிள் கரியரில் வைத்துவிட்டுத் தபால் கந்தோருக்குள் போய் வருவதற்குள் காரியம் முடிந்திருந்தது. நான் எழுதியவற்றில் அவை இரண்டுமே திறம் என்று இன்றுவரை சொல்லிக்கொள்கிறேன். இல்லையென்று காட்ட ஒருவரிடமும் ஆதாரம் இல்லை.

இப்படி நாற்பது வருசமாக எழுதியிருக்கிறேன். அதில் கடல் எத்தனை தரம் வந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்ததில்லை. நாங்கள் படித்து வளர்ந்த பக்திப் பாட்டுகளில் கடல் என்றால் துன்பம். பாவக்கடல், துயரக்கடல், கண்ணீர்க்கடல். எதுகை தேடுகிறவனுக்கு அது கைக்கெட்டிய தூரத்தில் கிடக்கும். எடுத்து வைத்துவிட்டு அடுத்த சீருக்குப் போய்விடலாம். நானும் அப்படித்தான் போனேன்.

ஓம் பாதர், கடலிலதான்

அந்தப் பெரிய வெள்ளிக்கு முந்திய நத்தார் முடிந்த கையோடு என்னை மன்னார்த் தீவின் வடகரையில் ஒரு மீனவப் பங்குக்கு மாற்றினார்கள். பங்கு வேலையில் எனக்கு அதுதான் கடைசி இடம் என்று தெரியும். முழங்கால் நோகத் தொடங்கியிருந்தது. குருவானவர் தங்கும் அறைவீட்டின் பின்பக்கக் கதவைத் திறந்தால் கடல். ஒரு பிளாஸ்ரிக் கதிரையை அங்கே போட்டுக்கொண்டு, பின்னேரங்களில் பிளேன்ரீயோடு இருந்து எழுதினேன். சந்தோசமான நாட்கள். தவக்காலப் பாட்டுகளைச் சேர்த்து ஒரு புத்தகம் போடுகிற வேலையும் அப்போது நடந்துகொண்டிருந்தது. உப்புக்குளத்தில் நூர்தீன் நானாவின் அச்சகத்தில் கொடுத்திருந்தேன்.

வந்த முதல் மாதத்திலேயே வீடு சந்திக்கப் போனேன். கோயில் மூப்பர் சந்தியாப்பிள்ளை முன்னால் நடந்து ஒவ்வொரு வீட்டுப் படலையிலும் குரல் கொடுப்பார். பிலோமினாவின் வீட்டுக்குப் போன அன்று மூப்பருக்குக் காய்ச்சல். நான் தனியாகப் போனேன்.

பிலோமினாவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். மெலிந்த உடம்பு, வெயிலில் கறுத்த முகம், நல்ல திறந்த குரல். கோயிலில் பெண்களுக்குப் பாட்டெடுத்துக் கொடுப்பவர் அவர்தான் என்று எனக்கு ஏற்கெனவே தெரியும். ஒரு மகள், பள்ளிக்கூடம் போயிருந்தாள். சுவரில் ஒரு ஆணின் படம் இருந்தது. மாலை போட்டிருக்கவில்லை.

"மனுசன் கடலிலயோ?" என்று கேட்டேன்.

"ஓம் பாதர், கடலிலதான்" என்றார்.

வீட்டை ஆசீர்வதித்து, தந்த தேத்தண்ணியைக் குடித்து, அடுத்த வீட்டுக்குப் போனேன்.

தவக்காலம் தொடங்க, என் புதிய புலம்பலைப் படி எடுத்துப் பெண்களுக்குக் கொடுத்தேன். மெட்டுப் பழையது, அவர்களுக்குத் தெரிந்தது. சொற்கள் என்னுடையவை. மூன்றாவது கண்ணி இப்படி:

*கொடுங்கடல் வாய்திறந்து குமரனைக் கொண்டதுவோ*
*நெடுந்துயர் நான்சுமக்க நெஞ்சமும் கல்லாமோ*

ஒரு வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதைக்குப் பிறகு அவர்கள் பழகுவதை அறைவீட்டுக்குள் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். என் காதில் "கொடும்பகை வாய்திறந்து" என்று விழுந்தது. காற்று மாற்றிக் கொண்டுவருகிறது என்று நினைத்தேன். அடுத்த வெள்ளியும் அதே சொல். கோயில் வாசலுக்கே போய் நின்று கேட்டேன். சந்தேகமில்லை. தொண்ணூறு பேரும் கடலை எடுத்துவிட்டுப் பகையை வைத்திருந்தார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. அந்த மாற்றத்தில் பிழை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை என்பது கோபத்தை இன்னும் கூட்டியது. சீர் தட்டவில்லை. மோனை கெடவில்லை. எதுகை இருந்த இடத்திலேயே இருந்தது.

பழக்கம் முடிய பிலோமினாவைக் கூப்பிட்டேன்.

"அந்தச் சொல்லை மாத்தினது ஆர்?"

"நான்தான் பாதர்."

"ஏன்?"

கையில் இருந்த பாட்டுத்தாளை மடித்தார். "அது எங்களுக்கு வாயில வருகுதில்லை, பாதர்" என்றார்.

"வராத சொல்லு எண்டு ஒண்டும் இல்லை. பழகினா வரும். புத்தகம் அச்சில கிடக்கு. அதில ஒரு மாதிரியும் கோயில்ல இன்னொரு மாதிரியும் இருக்கேலாது. எழுதினபடி பாடுங்கோ."

"ஓம் பாதர்" என்றார். என்னோடு வாதாடவில்லை. விசயம் முடிந்துவிட்டது என்று நான் நினைத்தேன்.

அதற்குப் பிறகுதான் பெரிய வெள்ளி வந்தது.

கஞ்சி

சடங்கு முடிந்ததும் பின்வழியால் அறைவீட்டுக்குப் போய்விட்டேன். முற்றத்தில் சனத்துக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வழக்கமாக நானும் வரிசையில் நின்று ஒரு கோப்பை வாங்குவேன். அன்று போகவில்லை. சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் இருந்தேன். ஒரு பங்கு முழுவதும் சேர்ந்து என்னை அவமதித்துவிட்டது, அதுவும் பெரிய வெள்ளியில் என்றுதான் மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஆண்டவரின் பாடுகளை நினைக்க வேண்டிய நாளில் என் பாட்டை நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூப்பர் கஞ்சிக் கோப்பையோடு வந்தார். மேசையில் வைத்தார். போகவில்லை.

"கோவமோ, பாதர்?"

"எழுதினபடி பாடச் சொன்னனான். ஓம் எண்டு தலையாட்டிப் போட்டு இப்பிடிச் செய்தால்?"

"எழுதினதை மாத்திப் பாடக்கூடாது எண்டு சொன்னீங்கள். அவை மாத்தேல்லைத்தானே" என்றார் மூப்பர். பிறகு தாழ்ந்த குரலில், "அந்தப் பிலோமினாப் பிள்ளையின்ர மனுசன் கடலில போனவர், பாதர்" என்றார்.

"தெரியும். கடல் தொழில்தானே."

மூப்பர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. "இல்லை பாதர். போனவர் வரேல்லை. எட்டு வருசம். உடம்பும் கிடைக்கேல்லை."

சொல்லிவிட்டுக் கஞ்சியை என் பக்கம் தள்ளினார். "ஆறமுன் குடியுங்கோ. இஞ்ச இருக்கிற வீடுகளில முக்கால்வாசி வீட்டில அப்பிடி ஒருத்தர் இருக்கினம். உங்களுக்குச் சொல்லித் தராதது எங்கட பிழை."

அவர் போனதும் மரணப் பதிவேட்டை எடுத்துப் புரட்டினேன். எட்டு வருசத்துக்கு முந்திய பக்கங்களில் பிலோமினாவின் கணவர் செபமாலையின் பெயர் இல்லை. அடக்கம் நடக்காதவரின் பெயர் அங்கே எப்படி இருக்கும்? கடலிலதான் என்று அவர் சொன்னதும், நான் தலையை ஆட்டிவிட்டுத் தேத்தண்ணி குடித்ததும் திரும்பத் திரும்ப வந்தன. கஞ்சி ஆறிப் போயிற்று.

கருவாட்டுப் பந்தல்

உயிர்த்த ஞாயிறு கழிந்து திங்கட்கிழமை காலை கரைக்குப் போனேன். கருவாடு காயப்போடும் பந்தல்களுக்கு இடையில் பிலோமினா குனிந்து நின்று மீனைப் புரட்டிக்கொண்டிருந்தார். உப்பு மணம் மூக்கை அடைத்தது. என்னைக் கண்டதும் கையைச் சீலையில் துடைத்துவிட்டு ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டார்.

"இருங்கோ பாதர். கறுப்புச் சப்பாத்தோட மணலுக்குள்ள வந்திருக்கிறீங்கள்."

இருந்தேன். "நான் தெரியாம எழுதிப்போட்டன், பிள்ளை" என்றேன்.

"தெரியாமத்தானே பாதர். அது எங்களுக்கு விளங்கினபடியாத்தான் சத்தம் போடாம இருந்தனாங்கள்."

"மூப்பர் சொன்னவர். செபமாலையைப் பற்றி."

அவர் ஒரு மீனை எடுத்துப் புரட்டிப் போட்டார். இன்னொன்று. "மூண்டு பேர் போனவை. என்ர தம்பியும் போனவன். காத்து மாறி அடிச்சு வள்ளம் கவிண்டு போச்சு. ரெண்டு பேரை அடுத்த நாள் வேற வள்ளக்காரர் ஏத்திக்கொண்டு வந்தவை. இவரைக் காணேல்லை."

அவர் அடுத்த மீனுக்குக் கையை நீட்டினார்.

"முதல் ரெண்டு வருசம் நானும் ஏசியிருக்கிறன் பாதர், கடலை. கரையில நிண்டு மண் அள்ளி எறிஞ்சிருக்கிறன். பிறகு ஒரு நாள் யோசிச்சன். அவர் எங்க இருக்கிறார்? அதுக்குள்ளதானே இருக்கிறார். மற்ற ஆக்களுக்குச் சேமக்காலை இருக்கு, பூ வைக்க, மெழுகுதிரி கொளுத்த. எனக்கு இதுதான் சேமக்காலை. அதைப் போய்க் கொடியது எண்டு பாடினால், அவர் கொடிய இடத்தில கிடக்கிறார் எண்டெல்லோ வரும்?"

அவர் குரல் தளம்பவில்லை. மீன் புரட்டுகிற கை மட்டும் நின்றிருந்தது.

"அதோட இன்னொண்டு பாதர். கோவிக்காதையுங்கோ. ஆண்டவரைக் கடலா கொண்டது? ஆக்கள்தானே கொலை செய்தவை."

நாற்பது வருசமாகப் பிரசங்கம் வைக்கிறவன் நான். இது எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. அவர் போட்ட சொல் என் சொல்லை விடச் சரி. யாப்பில் மட்டும் இல்லை, விசுவாசத்திலும் சரி.

"அண்டைக்கு உங்களுக்குச் சரியான அவமானமாப் போச்சு, என்ன?" என்று கேட்டார்.

"கொஞ்சம்."

"நாங்கள் நினைச்சது நீங்களும் நிப்பாட்டுவீங்கள் எண்டு. தனியாப் பாடுவீங்கள் எண்டு ஆர் கண்டது? உங்கட குரலைக் கேக்கத்தான் பாவமாக் கிடந்தது" என்றவர், சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பக்கத்துப் பந்தலில் இருந்த பெண்களும் சிரித்தார்கள். அவர்கள் இவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டிருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நானும் சிரித்தேன்.

நானாவின் அச்சகம்

அன்று மத்தியானமே உப்புக்குளத்துக்குப் போனேன். நூர்தீன் நானா தொழுகை முடித்து வந்து, அச்சகத்தின் வாசலில் கதிரை போட்டு இருந்தார். என்னிலும் ஐந்தாறு வயது மூத்தவர். நபிகள் புகழ்பாடும் பழைய தமிழ்ப் பாட்டுகள் நிறைய அவருக்கு மனப்பாடம். என் கையெழுத்துப் பிரதியில் தளை தட்டினால் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைத்து அனுப்புவார். ஒருபோதும் வாயால் சொல்லமாட்டார். அந்தப் புள்ளிகளுக்கு நான் பயம்.

"நானா, ஒரு சொல் மாத்தோணும்."

"இப்பவா? பாதர், முதல் பாரம் பதினாறு பக்கமும் அடிச்சு முடிஞ்சு மடிச்சும் போட்டம்."

என்ன சொல், என்னவாக மாற்ற வேண்டும் என்று சொன்னேன். அவர் கண்ணை மூடி முதலில் என்னுடைய அடியைச் சொல்லிப் பார்த்தார். பிறகு மற்றதை. இரண்டாம் தரம் மற்றதையே இன்னொரு முறை சொன்னார்.

"இது உங்கட திருத்தம் இல்லை" என்றார்.

"எப்பிடித் தெரியும்?"

"நீங்கள் திருத்தினால் பாட்டு நீளும்."

யார் திருத்தியது, ஏன் என்பதைச் சொன்னேன். நானா பென்சிலை எடுத்துக் காதில் செருகினார். அவருடைய ஆட்களிலும் கடலுக்குப் போய் வராதவர்கள் இருக்கிறார்கள். பிறகு எழும்பி உள்ளே போய், மடித்த தாள்களை அடுக்கிக்கொண்டிருந்த வேலையாளிடம், "அதை நிப்பாட்டுங்கோ. அந்தப் பாரத்தைத் திருப்பி அடிப்பம்" என்றார்.

முன்னுரையில் பிலோமினாவின் பெயரைப் போட்டு நன்றி சொல்ல விரும்பினேன். மறுநாள் பூசை முடிந்ததும் அவரிடம் கேட்டேன். உடனே தலையை ஆட்டி மறுத்தார்.

"என்ர பேர் என்னத்துக்கு? ஒரு சொல்லுத்தானே." போகத் திரும்பியவர், நின்றார். "பாதர், ஒண்டு கேக்கலாமோ? கோயில் புத்தகத்தில அவர்ர பேரை எழுத ஏலுமோ? ஞானஸ்நானம் எடுத்தது இருக்கு. கலியாணம் கட்டினது இருக்கு. அதுக்குப் பிறகு அவருக்கு என்ன நடந்தது எண்டு ஒரு இடத்திலயும் இல்லை."

"இவ்வளவு நாளும் ஏன் கேக்கேல்லை?"

"முந்தி இருந்த பாதர் கேட்டவர். நான்தான் விடேல்லை. வருவார் எண்டு இருந்தனான்."

"இப்ப?"

"இப்ப எழுதலாம்" என்றார்.

உடல் கிடைக்காதவருக்கும் அடக்கச் சடங்கின் செபங்களைச் சொல்லத் திருச்சபையில் வழி இருக்கிறது. ஆயருக்கு எழுதிக் கேட்டு அனுமதி பெற்றேன். பதிவேட்டில் பெயரை எழுதுகிற நேரம் பிலோமினாவும் மகளும் மூப்பரும் மேசையைச் சுற்றி நின்றார்கள். அடக்கம் செய்த இடம் என்ற கட்டத்தில் பேனையை வைத்து நான் தயங்க, மகள் கையை நீட்டி அந்தக் கட்டத்தைக் காட்டி, "கடல் எண்டு எழுதுங்கோ பாதர்" என்றாள். எழுதினேன். அந்த மாதத்துக்குள் இன்னும் பதினொரு வீட்டார் வந்தார்கள்.

கரையை விட்டு

சோளகக் காற்றுத் தொடங்க இன்னும் ஒரு கிழமை இருந்த ஒரு நாள், காலைப் பூசையைக் கரையில் வைத்தோம். பிறகு வள்ளத்தில் போய், செபமாலை காணாமல் போன இடத்திலேயே செபம் சொல்வது என்று ஏற்பாடு. பிலோமினாவின் தம்பி ஓட்டினார். மூப்பரும் நானும் நடுவில். பிலோமினா முன்பக்கத்தில் ஒரு கூடை பூவோடு இருந்தார். எட்டு வருசத்துக்குப் பிறகு அவர் வள்ளத்தில் ஏறியது அன்றுதான். நான் வாழ்க்கையில் முதல் தரம்.

நாற்பது வருசமாகக் கடலைப் பாட்டில் வைத்தவன் கடலில் எப்படி நடந்துகொண்டேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கரையை விட்டுக் கால் மணித்தியாலத்துக்குள் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். மூப்பர் முதுகைத் தடவிவிட்டார். "காலமை தேத்தண்ணி மட்டும்தானே குடிச்சனீங்கள்? பரவாயில்லை, சோறெண்டால் இன்னும் கஸ்ரம்" என்று ஆறுதல் சொன்னார்.

ஓரிடத்தில் தம்பி இயந்திரத்தை நிறுத்தினார். சுற்றிவரத் தண்ணீர்தான். ஓர் அடையாளமும் எனக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது. "இதில வைச்சுத்தான் கையை விட்டவர்" என்றார்.

எழும்பி நின்றேன். வள்ளம் ஆட, மூப்பர் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். கல்லறையை மந்திரிக்கிற செபத்தைச் சொன்னேன். செபத்தில் கல்லறை என்று வந்த இடங்களில் எல்லாம் கடல் என்று சொன்னேன். தீர்த்தம் தெளித்தேன். துளிகள் விழுந்த இடம் உடனே தெரியாமல் போயிற்று.

அந்த நாளுக்கென்று ஒரு புதுக் கண்ணி எழுதிக்கொண்டு போயிருந்தேன். மூன்று நாள் இருந்து செதுக்கியது. சட்டைப் பைக்குள் கையை வைத்தபோது, பிலோமினா பூக்கூடையைக் கவிழ்த்துவிட்டு, விளிம்பால் சாய்ந்து வலக்கையை மணிக்கட்டு வரை தண்ணீருக்குள் விட்டிருந்தார். பேசத் தொடங்கினார். எங்களோடு இல்லை.

"பிள்ளை ஏ.எல் எடுக்கப் போறாள். கணக்கு நல்லாச் செய்யிறாளாம், ரீச்சர் சொன்னவ. கூரை மாத்தியாச்சு, இப்ப ஒழுகிறேல்லை. தம்பிக்குப் பொம்பிளை பாத்திருக்கு, முருங்கன் பக்கம். உங்கட அம்மா போன மாரிக்குக் கண்ணை மூடிட்டா. அது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

தாளைத் தொட்ட கையை வெளியே எடுத்துவிட்டேன். கண்ணி பைக்குள்ளேயே இருக்கட்டும் என்று பட்டது.

இன்னும் கொஞ்ச நேரம் பேசினார். எஞ்சியது காதில் விழவில்லை. காற்று இல்லை, வெயில் ஏறிக்கொண்டிருந்தது, பூக்கள் ஒன்றை விட்டொன்று விலகிப் போய்க்கொண்டிருந்தன. பிலோமினா கையை எடுத்து முகத்தை ஈரத்தோடு துடைத்துக்கொண்டார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"சரி, திருப்பு தம்பி" என்றார். "பிள்ளை பள்ளிக்கூடத்தால வந்திடுவாள். சோறு வைக்கோணும். பாதருக்கும் வைக்கிறன், வயித்தில ஒண்டும் இல்லாமக் கிடக்கிறார்."